நின்றுபோன இதயமும் ரைட்-ஆஃப் கணக்கும்

தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள் நான். எனக்குத் தெரிந்த குளிர் மார்கழிக் குளிர்தான். விடியற்காலையில் கோயில் ஸ்பீக்கர் அலறும்போது போர்வையை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டால் தீர்ந்துபோகும். ப்ரமோஷன் என்ற பெயரில் வங்கி என்னைச் சிம்லாவுக்குத் தூக்கிப் போட்ட பிறகுதான், குளிர் ஆளைக் கொல்லும் என்பது புரிந்தது. அதுவும் புத்தகத்தில் படித்துப் புரிந்துகொண்டதில்லை.

நாங்கள் குடியிருந்த கட்டிடத்துக்கு ஒரு வாட்ச்மேன். எல்லோரும் சாச்சா என்று கூப்பிடுவார்கள். சித்தப்பா மாதிரி. அறுபது வயதிருக்கும். சேமிப்புக் கணக்கு எங்கள் கிளையில்தான். மாதம் ஒருமுறை பாஸ்புக் என்ட்ரி போட வருவார், போட்டதும் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொள்வார். ஒரு ஜனவரி மாதம், இரவு முழுக்கப் பனி கொட்டியது. விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பால்காரர் கத்துகிறார். இறங்கிப் போய்ப் பார்த்தால் கேட் பக்கம் சாச்சா சுருண்டு கிடக்கிறார். கம்பளிச் சால்வையும் ஸ்வெட்டரும் கழற்றி ஓரமாகக் கிடக்கின்றன. "குடிச்சிருக்கார்" என்று ஒருவர் சொன்னார். கன்னத்தில் கை வைத்தேன், கல் மாதிரி இருந்தது. ஆனால் மூச்சு இருந்தது. ரொம்ப மெல்லிசாக, விட்டு விட்டு.

அப்புறம் நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்கார வைத்து, நான்கு பேர் தூக்கி, இரண்டு மாடிப் படி ஏறினோம். லிஃப்ட் கிடையாது. மேல்வீட்டு புகாரி அடுப்புக்கு ஒரு முழத் தூரத்தில் வைத்தோம். ரிட்டயர்ட் ராணுவக்காரர் ஒருவர் ரம் பாட்டில் கொண்டுவந்தார். கொஞ்சம் உதட்டில் விட்டார், மீதியை எங்கள் கைகளில் ஊற்றினார். இடது காலை அவர் தேய்த்தார், வலது காலை நான் தேய்த்தேன். நல்லா, அழுத்தி. பத்து நிமிடத்தில் சாச்சாவின் தலை சாய்ந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு முடிந்துவிட்டது என்றார்கள். சான்றிதழில் இறந்த நேரம் 6.40.

அந்தச் சான்றிதழ் மூன்று வாரம் கழித்து என் மேஜைக்கே வந்தது. மண்டியிலிருந்து அவர் மகள் டெத் க்ளெய்ம் ஃபார்மோடு வந்திருந்தாள். நாமினி அவள்தான். கையெழுத்து வாங்கி, செட்டில் செய்து, கணக்கை மூடினேன். அன்றைக்கு ராத்திரிதான் இந்த விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தேன். நான் பி.காம். டெபிட் கிரெடிட் தவிர வேறு தெரியாது. ஆனால் படிக்கப் படிக்க, இது நம்ம தொழிலுக்கு ரொம்பப் பக்கத்தில் உள்ள கதை என்று தோன்றியது. ஒரு கணக்கை எப்போது கைவிடுவது? அதுதான் இதில் 250 வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் கேள்வி.

1767இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். ஊர் முழுக்கக் கால்வாய், விழுந்து சாகிறவர்கள் ஏராளம். மூழ்கியவர்களை மீட்டு உயிர்ப்பிப்பதற்காகவே அந்தச் சங்கம். 1774இல் வில்லியம் ஹாஸ், தாமஸ் கோகன் என்று இரண்டு மருத்துவர்கள் லண்டனில் இதேபோல் ஒன்றைத் தொடங்கினார்கள். அதுதான் பிறகு ராயல் ஹ்யூமேன் சொசைட்டி ஆனது. அவர்கள் சொன்ன முறைகளில் சில இன்றைக்கும் சரி: ஈரத்தை அகற்று, உடம்பைச் சூடாக்கு, வாயோடு வாய் வைத்து ஊது. சில முறைகளைக் கேட்டால் சிரிப்பீர்கள். புகையிலைப் புகையைத் துருத்தி வைத்து ஆசனவாய் வழியாக உள்ளே செலுத்துவார்கள். சத்தியமாக. தேம்ஸ் கரையில் இதற்கென்றே உபகரணப் பெட்டி வைத்திருந்தார்கள். 1811இல் பெஞ்சமின் பிராடி, புகையிலைச் சாறு இதயத்துக்கு விஷம் என்று பரிசோதித்துக் காட்டிய பிறகுதான் அந்தத் துருத்திக்கு மவுசு குறைந்தது.

சிரித்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவரை, தண்ணீரிலிருந்து அசைவில்லாமல் எடுத்தால் பிணம். அவ்வளவுதான். "இல்லை, இந்தக் கணக்கு இன்னும் மூடவில்லை" என்று முதலில் கூட்டமாகச் சேர்ந்து சொன்னவர்கள் இவர்கள்.

அடுத்தது நெப்போலியன். 1812இல் ரஷ்யாவுக்குப் போய் அவர் படை பனியில் அழிந்த கதை எல்லோருக்கும் தெரியும். அந்தப் படையின் தலைமை அறுவை மருத்துவர் டொமினிக் ழான் லாரே. பின்வாங்கும் வழியில் ஒன்றைக் கவனித்து எழுதி வைத்தார். விறைத்துப்போய் வரும் சிப்பாய்களில், முகாம் நெருப்புக்கு மிகப் பக்கத்தில் போய் உட்கார்ந்தவர்கள்தான் பொத்தென்று விழுந்து செத்தார்களாம்.

இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு வராண்டாவில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு முழத் தூரத்தில் புகாரி!

காரணம் பிற்பாடுதான் தெளிவானது. குளிரும்போது உடம்பு கை கால்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். இருக்கிற சூட்டை நெஞ்சுக்கும் தலைக்கும் ஒதுக்கி வைக்கும். கையில் காசு குறைந்தால் கிளைகளுக்குப் பணம் அனுப்புவதை நிறுத்தித் தலைமை அலுவலகத்தை மட்டும் காப்பாற்றுகிற மாதிரி. நெருப்புப் பக்கத்தில் வைத்தால், தேய்த்தால், சாராயம் கொடுத்தால், சுருங்கிய குழாய்கள் விரியும். ரத்த அழுத்தம் விழும். கை காலில் தேங்கிக் குளிர்ந்த ரத்தம் இதயத்தை நோக்கித் திரும்பும். உட்கார்ந்த நிலையில் தூக்கினால் அழுத்தம் இன்னும் விழும். குளிர்ந்த இதயமோ தொட்டால் சிணுங்கி. 28 டிகிரிக்குக் கீழே போய்விட்டால் ஒரு முரட்டு அசைவே போதும், துடிப்பு நின்று வெறும் நடுக்கம் ஆகிவிடும். அதற்கு வென்ட்ரிக்குலர் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். இதயம் காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கும், ரத்தம் நகராது. மீட்கப்பட்ட சில நிமிடங்களில் ஆள் சாய்வதைக் குளிர் மருத்துவத்தில் மீட்புச் சரிவு என்றே தனியாகச் சொல்கிறார்கள்.

சால்வையைக் கழற்றிய விஷயத்துக்கும் பதில் கிடைத்தது. கடுங்குளிரின் கடைசிக் கட்டத்தில் சிலருக்கு உடம்பு எரிவதுபோல் தோன்றித் துணியைக் கழற்றி எறிவார்களாம். சாச்சா குடித்திருக்கவில்லை.

லாரே பெரிய ஆள்தான், ஆனால் அவரும் ஒரு தப்பு செய்தார். விறைத்த உறுப்பைப் பனிக்கட்டியால் தேய்க்கச் சொன்னார். ஒரு பெரிய மனிதர் சொன்னால் எத்தனை வருடம் நிற்கும் பாருங்கள், அது கிட்டத்தட்ட இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஓடியது.

இந்த வரலாற்றில் ஓர் அழுக்குப் பக்கமும் உண்டு, அதைத் தாண்டிப் போக முடியாது. 1942 ஆகஸ்ட் முதல் 1943 மே வரை, டாக்காவ் முகாமில் ஸிக்மண்ட் ராஷர் என்ற நாஜி மருத்துவர் கைதிகளை ஐஸ் தண்ணீரில் மணிக்கணக்கில் அமிழ்த்தி வைத்து, எப்போது சாகிறார்கள், எப்படிச் சூடாக்கினால் மீள்கிறார்கள் என்று குறிப்பு எடுத்தார். கிட்டத்தட்ட 300 பேர் மேல் இந்தக் கொடுமை நடந்தது, 80க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். போருக்குப் பிறகு இந்த எண்களை மருத்துவக் கட்டுரைகளில் மேற்கோள் காட்டுவது பல வருடம் நடந்தது. "கொடுமைதான், ஆனால் தகவல் பயனுள்ளது" என்ற சமாதானத்தோடு. 1990இல் ராபர்ட் பெர்கர் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் உட்கார்ந்து அந்தக் குறிப்புகளை ஒரு ஆடிட்டர் மாதிரி வரிவரியாகச் சரிபார்த்தார். முறையே சரியில்லை, எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை, பொய்யும் கலந்திருக்கிறது, நம்ப முடியாது என்று முடிவுக்கு வந்தார். ஆக, அந்த மனிதர்களைக் கொன்று எழுதிய பேரேடு பொய்ப் பேரேடு. ஆடிட் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு ஆச்சரியம் இல்லை. முதலாளியைச் சந்தோஷப்படுத்த எழுதுகிற கணக்கு எங்கேயும் அப்படித்தான் இருக்கும்.

குளிரைப் பற்றி நேர்மையாகக் கிடைத்த அறிவு ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வந்தது. கனடாவின் டொரான்டோவில் வில்ஃப்ரெட் பிகலோ என்பவர் ஒரு கேள்வி கேட்டார். குளிரினால் உடம்பின் வேலை மந்தமாகிறது என்றால், ஆளை வேண்டுமென்றே குளிர வைத்து, அந்த அவகாசத்தில் இதயத்தை நிறுத்தி ரிப்பேர் செய்தால் என்ன? நாய்களில் செய்து 1950இல் கட்டுரை வெளியிட்டார். 1952 செப்டம்பர் 2ஆம் தேதி, அமெரிக்காவின் மினசோட்டாவில் ஜான் லூயிஸ் ஒரு 5 வயதுச் சிறுமியை 28 டிகிரிக்குக் குளிர வைத்து, இதயத்துக்கு வரும் ரத்தத்தை ஐந்தரை நிமிடம் நிறுத்தி, உள்ளே இருந்த ஓட்டையைத் தைத்தார். குழந்தை பிழைத்தது. அடுத்த வருடம், 1953 மே 6ஆம் தேதி, ஜான் கிப்பன் ஃபிலடெல்ஃபியாவில் இதய-நுரையீரல் இயந்திரத்தை வைத்து முதல் வெற்றிகரமான அறுவை செய்தார். 1960இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கௌவன்ஹோவன் குழு, நெஞ்சைத் திறக்காமல் வெளியிலிருந்து அழுத்தியே ரத்தத்தை ஓட்டலாம் என்று காட்டியது. இன்று நாம் சி.பி.ஆர். என்று சொல்வதன் பாதி அதுதான்.

பத்தே வருடம். ரத்தத்தை உடம்புக்கு வெளியே எடுத்து, சூடாக்கி, ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் இயந்திரமும், அந்த இயந்திரம் வரும்வரை கையால் தள்ளிக்கொண்டிருக்கும் வழியும் வந்துவிட்டன. சரக்கு எல்லாம் கடையில் இருந்தது. ஆனால் பனியில் நின்றுபோன இதயத்துக்கு இதைப் பயன்படுத்தலாம் என்ற நம்பிக்கைதான் மெதுவாக வந்தது.

குளிர் எப்படிக் காப்பாற்றுகிறது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். உடம்புச் சூடு ஒரு டிகிரி குறைந்தால் ஆக்சிஜன் செலவு சுமார் 6 சதவீதம் குறையும். 28 டிகிரியில் செலவு ஏறக்குறைய பாதி. 37 டிகிரியில் இதயம் நின்றால் மூளை சில நிமிடங்களில் கெடத் தொடங்கும். 18 டிகிரியில் அதைப்போல் 10 மடங்கு நேரம் தாங்கக்கூடும். வரவு நின்றுவிட்டது, ஆனால் செலவும் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. கம்பெனி திவாலாகவில்லை, ஷட்டரை இறக்கியிருக்கிறது, அவ்வளவே. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு, மொத்த விஷயமும் அதில்தான் தொங்குகிறது. முதலில் குளிர வேண்டும், பிறகுதான் இதயம் நிற்க வேண்டும். மூச்சு முட்டி இதயம் நின்று, அதன்பிறகு பிணம் குளிர்ந்தால் பிரயோஜனம் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். விறைத்த உடம்பு, விரிந்த கண்மணி, நாடி இல்லை.

1986 ஜூனில் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் ஒரு இரண்டரை வயதுக் குழந்தை ஓடையில் விழுந்தது. பனி உருகி வரும் தண்ணீர். 66 நிமிடம் கழித்து எடுத்தார்கள். உடம்பு 19 டிகிரி. இயந்திரத்தில் ரத்தத்தைச் சூடாக்கினார்கள். பிழைத்தது. குழந்தை சின்ன உடம்பு, சீக்கிரம் குளிர்ந்துவிடும், அதனால்தான் என்று சமாதானம் சொல்ல இடமிருந்தது. 1997இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர மருத்துவர்கள் பெரியவர்களின் கணக்கை வெளியிட்டார்கள். ஆழ்ந்த குளிரில் இதயம் நின்று இயந்திரத்தால் சூடாக்கப்பட்ட 32 பேரில் 15 பேர் நீண்டகாலம் பிழைத்திருந்தார்கள். கண்டுபிடித்ததிலிருந்து இயந்திரத்தில் சேர்க்கும்வரை ஆன சராசரி நேரம் 141 நிமிடம். இரண்டேகால் மணி நேரத்துக்கும் மேல்! எந்த வங்கியும் இந்தக் கணக்கை அந்நேரம் வரை புத்தகத்தில் வைத்திருக்காது.

இப்போது ஆன்னாவின் கதைக்கு வருகிறேன். இந்தத் துறையில் யாரைக் கேட்டாலும் சொல்லும் பெயர் இது.

ஆன்னா போகன்ஹோல்ம், ஸ்வீடன்காரர், 29 வயது, நார்வேயின் நார்விக் நகரத்தில் மருத்துவராகப் பயிற்சியில் இருந்தார். 1999 மே 20ஆம் தேதி மாலை, வேலை முடிந்து இரண்டு சக மருத்துவர்களோடு மலையில் பனிச்சறுக்குப் போனார். தடுமாறி, உறைந்த ஓடையின் மேல் தலைகுப்புற விழுந்தார். பனிக்கட்டி உடைந்து தலையும் உடம்பும் உள்ளே போய்விட்டன, சறுக்குக் கட்டைகளும் கால்களும் மட்டும் வெளியே. நண்பர்கள் இழுத்துப் பார்க்கிறார்கள், முடியவில்லை. 20 சென்டிமீட்டர் தடிமனான ஐஸ், உள்ளே ஓடும் தண்ணீர். போனில் உதவி கேட்டுவிட்டுக் கால்களைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். உள்ளே ஆன்னாவுக்குப் பாறைக்கும் ஐஸுக்கும் நடுவே ஒரு காற்றுப்பை கிடைத்திருந்தது. 40 நிமிடம் அதில் மூச்சு விட்டுக்கொண்டு போராடினார். பிறகு அசைவு நின்றது. மீட்புக் குழு வந்து ஐஸை வெட்டி அவரை வெளியே எடுத்தபோது 80 நிமிடம் ஆகியிருந்தது. மூச்சு இல்லை, நாடி இல்லை.

இரண்டு நண்பர்களும் மருத்துவர்கள். உடனே சி.பி.ஆர். தொடங்கினார்கள். ஹெலிகாப்டர் வந்தது. டிரோம்ஸோ பல்கலைக்கழக மருத்துவமனைக்கு ஒரு மணி நேரப் பறப்பு, அவ்வளவு நேரமும் நெஞ்சை அழுத்திக்கொண்டே போனார்கள். இரவு 9.10க்கு உள்ளே கொண்டுவந்தபோது கண்மணிகள் விரிந்திருந்தன, இ.சி.ஜி. நேர்கோடு. உடம்புச் சூடு 13.7 டிகிரி. அங்கே பொறுப்பில் இருந்தவர் மாட்ஸ் கில்பெர்ட் என்ற மயக்க மருந்து நிபுணர். (பிற்காலத்தில் காஸா போர்ச் செய்திகளில் அடிக்கடி வந்தாரே, அதே கில்பெர்ட்தான்.) சூடாக்கிப் பார்க்காமல் இறந்துவிட்டதாகச் சொல்ல மாட்டோம் என்று முடிவெடுத்தார். இதய-நுரையீரல் இயந்திரத்தில் சேர்த்தார்கள். பத்து மணி தாண்டி இதயம் மறுபடி அடித்தது. பிறகு நுரையீரல் மோசமாகி, இரவெல்லாம் ஒன்று மாற்றி ஒன்று சிக்கல். மொத்தம் 9 மணி நேரப் போராட்டம் என்று பதிவாகியிருக்கிறது. பத்து நாள் கழித்துக் கண் விழித்தபோது கழுத்துக்குக் கீழே அசையவில்லை. தன்னைக் காப்பாற்றியவர்கள் மேல் அவருக்குக் கோபமாம், இப்படிப் படுத்துக் கிடக்கவா என்று. அசைவு மெல்ல மெல்லத் திரும்பியது. கைகளில் மட்டும் கொஞ்சம் நரம்புப் பாதிப்பு மிஞ்சியது. அவர் பிறகு ரேடியாலஜிஸ்ட் ஆனார், வேலைக்குச் சேர்ந்தது அதே டிரோம்ஸோ மருத்துவமனையில்.

இந்தக் கதையை அதிசயம் என்று ஃபார்வர்டு செய்கிறவர்கள் ஒரு தகவலை விட்டுவிடுவார்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அதே மருத்துவமனையில் 1985 முதல் 2013 வரை, குளிரில் இதயம் நின்று இயந்திரத்தில் சூடாக்கப்பட்டவர்களின் கணக்கைப் பிற்பாடு எடுத்தார்கள். 34 பேர், அதில் 9 பேர் பிழைத்தவர்கள். 1999க்கு முன் ஒருவர்கூட இல்லை. யோசித்துப் பாருங்கள். இயந்திரம் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், வருடக்கணக்காக முயன்று ஒவ்வொரு முறையும் தோற்றிருக்கிறார்கள். நம்ம ஊர் மேலதிகாரியாக இருந்தால் "இந்த செக்மென்ட்டே வேண்டாம், மூடு" என்று சர்க்குலர் போட்டிருப்பார். அந்த மே மாத இரவில் கில்பெர்ட் குழு கையில் வைத்திருந்த ரெக்கார்டு முழுப் பூஜ்யம். அதோடுதான் அவர்கள் இயந்திரத்தை ஆன் செய்தார்கள்.

2011 பிப்ரவரி 11ஆம் தேதி டென்மார்க்கின் ப்ரெஸ்டோ கடற்கழியில் ஒரு பள்ளிப் படகு கவிழ்ந்தது. 13 மாணவர்கள், 2 ஆசிரியர்கள், 2 டிகிரித் தண்ணீர். ஓர் ஆசிரியர் இறந்துபோனார். 7 பேரை இதயம் நின்ற நிலையில் எடுத்தார்கள். கோபன்ஹேகன் கொண்டுபோய் இயந்திரத்தில் சூடாக்கினார்கள். ஏழு பேரும் பிழைத்தார்கள். சிலருக்கு நினைவிலும் கவனத்திலும் குறை தங்கியது, அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஏழுக்கு ஏழு.

இன்றைக்கு இந்த வேலையைப் பெரும்பாலும் எக்மோ செய்கிறது. 2016 டிசம்பரில் ஜெயலலிதா அப்பல்லோவில் இருந்தபோது, பிறகு 2020இல் எஸ்.பி.பி.க்காகத் தமிழ்நாடே காத்திருந்தபோது கேட்ட அதே எக்மோ. நமக்கு அந்தச் சொல் கடைசிக் கட்டம் என்ற அர்த்தத்தில்தான் மனதில் பதிந்திருக்கிறது. குளிர் கேஸ்களில் கதை வேறு. பழுதில்லாத இதயம் குளிரால் மட்டும் நின்றிருக்கிறது, சூடு ஏறும்வரை அதன் வேலையை வேறு யாராவது பார்த்தால் போதும்.

முறைகளும் மாறியிருக்கின்றன. ஐரோப்பிய வழிகாட்டுதல்படி, விறைத்த ஆளுக்கு நாடி இருக்கிறதா என்று ஒரு நிமிடம் வரை பொறுமையாகப் பார்க்க வேண்டும். அவ்வளவு மெதுவாக அடிக்கும். 30 டிகிரிக்குக் கீழே அட்ரினலின் கூடாது. மின் அதிர்ச்சி மூன்று முறை கொடுத்துப் பலிக்கவில்லை என்றால், சூடு ஏறும்வரை நிறுத்தி வைக்க வேண்டும். குளிர்ந்த உடம்பு மருந்தைச் செலவழிக்காது, சேர்த்து வைத்துக்கொண்டு பிறகு ஒரேயடியாகக் காட்டிவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்த மாற்றம் இன்னொன்று. சாதாரணமாக சி.பி.ஆர். தொடங்கினால் நிறுத்தவே கூடாது என்பது விதி. ஆனால் செங்குத்துச் சரிவில் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு எப்படி அழுத்துவது? அதனால், 28 டிகிரிக்குக் கீழே இருந்தால் 5 நிமிடம் அழுத்து, பிறகு 5 நிமிடம் வரை தூக்கிக்கொண்டு நட, மறுபடி 5 நிமிடம் அழுத்து என்கிறார்கள். 20 டிகிரிக்குக் கீழே என்றால் 10 நிமிடம் வரை நடக்கலாம். 2015 முதல் இது ஐரோப்பிய வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. முழுத் தவணை கட்ட முடியாதவனிடம், முடிந்ததை முடிந்தபோது கட்டு, கணக்கு மட்டும் உயிரோடு இருக்கட்டும் என்று சொல்கிற மாதிரி. 2019 நவம்பரில் பைரனீஸ் மலையில் பனிப்புயலில் சிக்கிய ஒரு பெண்ணுக்கு 6 மணி நேரத்துக்கு மேல் இதயம் நின்றிருந்தது. பார்சிலோனாவில் எக்மோ வைத்து மீட்டார்கள்.

அப்படியானால் யாரையுமே கைவிடக் கூடாதா? அப்படியும் இல்லை. இயந்திரமும் ஆட்களும் அளவோடுதான் இருக்கிறார்கள். 1990களிலிருந்து மருத்துவர்கள் ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று பார்த்தார்கள். செல்கள் செத்தால் உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே கசியும். சாதாரணமாக 5க்குள் இருப்பது 12ஐத் தாண்டிவிட்டால் நிறுத்தலாம் என்று ஒரு கோடு. என்.பி.ஏ.வுக்கு 90 நாள் என்று ஒரே கோடு வைத்திருக்கிறோமே, அந்த மாதிரி. 2018இல் லோசான் நகர மருத்துவர்கள் தலைமையில் ஒரு குழு அதை மேம்படுத்தி ஹோப் ஸ்கோர் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. வயது, ஆணா பெண்ணா, உடம்புச் சூடு, பொட்டாசியம், எவ்வளவு நேரம் சி.பி.ஆர்., மூச்சு முட்டியதா இல்லையா, ஆறும் சேர்த்துப் பிழைக்கும் வாய்ப்பு இத்தனை சதவீதம் என்று சொல்லும். நம்ம சிபில் ஸ்கோரின் அண்ணன். சிபில் ஸ்கோர் பார்த்துக் கடன் மறுத்த ராத்திரிகளில் நான் நன்றாகத்தான் தூங்கியிருக்கிறேன். இந்த ஸ்கோர் பார்த்து இயந்திரத்தை நிறுத்துகிறவர் எப்படித் தூங்குவார் என்று தெரியவில்லை.

நம் நாட்டில் இதையெல்லாம் நினைத்தால் சியாச்சின்தான் நினைவுக்கு வரும். 2016 பிப்ரவரி 3ஆம் தேதி, சோனம் காவல் நிலையில், 19,600 அடி உயரத்தில், பனிச்சரிவு விழுந்து 10 வீரர்கள் புதைந்தார்கள். 19ஆவது மெட்ராஸ் ரெஜிமென்ட் பட்டாலியன். நான்கு பேர் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். ஆறாம் நாள் தோண்டியபோது லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு இருந்தார். டெல்லி ராணுவ மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். அப்போது மருத்துவர்கள் வெளியிட்ட அறிக்கையில், உடம்பு சூடேறி ரத்த ஓட்டம் திரும்புவதால் வரும் சிக்கல்களுக்காக அடுத்த 24 முதல் 48 மணி நேரம் கவலைக்குரியது என்று எழுதியிருந்தார்கள். அன்று செய்தித்தாளில் படித்தபோது எனக்கு அந்த வரி புரியவில்லை. மீண்டுவிட்டாரே, இனி சூடேறுவதில் என்ன கவலை என்று நினைத்தேன். 11ஆம் தேதி அவர் இறந்தார்.

நாங்கள் சாச்சாவைப் படுக்கைவாட்டில் மெதுவாகத் தூக்கி, ஈரத்துணியை எடுத்துவிட்டு, காய்ந்த கம்பளியில் சுற்றி, நெஞ்சுக்கும் அக்குளுக்கும் வெந்நீர்ப் பை கொடுத்து, தேய்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாரா? அவர் சூடு எவ்வளவு என்று யாரும் அளக்கவில்லை. என் வலது கை மட்டும் அந்தக் காலை மறக்கவில்லை.

போன வருடம் குடியிருப்போர் கூட்டத்தில் ஒரு ஸ்ட்ரெச்சர் வாங்க வேண்டும் என்றேன். வாட்ச்மேன் கேபினுக்கு ஒரு ஹீட்டரும் இரண்டு ரப்பர் வெந்நீர்ப் பையும். ஹீட்டருக்கும் பைகளுக்கும் உடனே சரி என்றார்கள். "லிஃப்ட்டே இல்லாத கட்டிடத்துக்கு ஸ்ட்ரெச்சர் எதுக்கு சார்?" என்று செகரட்டரி ஹிந்தியில் கேட்டார். லிஃப்ட் இல்லாததால்தான் என்றேன். அந்த ரிட்டயர்ட் ராணுவக்காரர் எதுவும் பேசாமல் பர்ஸை எடுத்துப் பாதிப் பணத்தை மேஜை மேல் வைத்தார். மீதியை நான் போட்டேன். இப்போது அது மாடிப்படிக்குக் கீழே, பிள்ளைகளின் சைக்கிள்களுக்குப் பின்னால் நிற்கிறது.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. படித்ததை எழுதியிருக்கிறேன். குளிர்ப் பிரதேசத்துக்கு டூர் போகிறவர்கள் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ரம் பற்றி மட்டும் கேட்க வேண்டாம், அதற்குப் பதில் மேலேயே இருக்கிறது.